கதைக்கு நான்தான் ஓனர்

என் பெயரில் இணையத்தில் கிடக்கும் எதையும் நான் எழுதியதில்லை. இதை மட்டும்தான் நான் எழுதுகிறேன். இதிலும் என் பெயரைப் போடப் போவதில்லை. பட்டது போதும்.

அதையெல்லாம் எழுதியவர் என் வீட்டுக்காரர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். அரசாங்க வேலையில் இருப்பவன் சொந்தப் பெயரில் கண்டதையும் எழுதினால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் பத்திரிகைகளுக்கு அனுப்ப என் பெயரை எடுத்துக்கொண்டார். தமிழில் மனைவி பெயரில் எழுதிய ஆண்கள் எத்தனையோ பேர், அது ஒரு மரியாதை என்று எனக்கு விளக்கம் வேறு. கல்யாணமான புதிது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்? ஆனால் மனுஷன் என் பெயரோடு நின்றாரா? வெறும் பெயர் மொட்டையாக இருக்கிறதாம். பின்னால் என் அப்பா பெயரையும் முழுசாகச் சேர்த்துக்கொண்டார். அடையாளக் கார்டில் நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே. நடுவில் வரும் 'இன்னார் மகள்' என்பது மட்டும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். இனிமேல் உங்கள் பெயரிலேயே எழுதலாமே என்றதற்கு, அந்தப் பெயருக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்றார். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அவர் எழுதுவதை நான் படிப்பதும் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. நாள் பூராவும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அடித்துவிட்டு, கடல் பாலத்துக்குப் போகும் கார்களின் நெரிசலில் ஊர்ந்து ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், சோறு வடிக்கவே தெம்பு இருக்காது. அவர் மழையைப் பற்றியும் ஃபெர்ரியைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே அண்ணன், நிபோங் திபாலில் இருக்கிறார். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இறந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அண்ணன் அப்போதுதான் மீசை முளைத்த பையன். அதற்குப் பிறகு அவர் படிக்கவில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு எடுபிடியாக ஏறி, பிறகு டிரைவராகி, என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று ஏசி அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன் என்றால் அது அவருடைய முதுகு.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். மறுநாள் அப்பா இடத்தில் நின்று என்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. அம்மாவுக்குக் கொள்ளி வைக்கும்போது அவர் மயங்கி விழுந்ததால் மாமா வைத்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார். மயங்கவில்லை, ஓடிப்போயிருக்கிறார். சுடுகாட்டு வாசல் வரைக்கும் போனவர், அம்மாவின் முகத்துக்கு நெருப்பா என்று திரும்பி ஓடி, பஸ் ஸ்டாண்டில் ஒரு ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கு வாயில் வந்தது ஐஸ் கச்சாங், சிரப் ஊற்றிய துருவல் ஐஸ். வைத்துவிட்டுப் போனதை ஒரு கரண்டிகூடத் தொடாமல், அது உருகித் தண்ணீராகும் வரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"கொள்ளி வைக்காத கையால உன்ன தாரை வார்க்கலாமா பாப்பா? நீ வேணாம்னா மாமாவ கூப்பிடுறேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் அவர்தான் தாரை வார்த்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. கட்டிய புருஷன்தானே என்று அவரிடம் சொன்னேன். அவரும் அப்போது 'உச்' கொட்டினார். அந்த 'உச்'சை நம்பினேன் பாருங்கள்!

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் ஊர்க் கோயில் கமிட்டியில் தலைவர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம்.

"பாப்பா, நீ கதையெல்லாம் எழுதுவியா?"

"நானா? மளிகை லிஸ்ட் எழுதவே எனக்கு நேரமில்லண்ணே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எதிரணியைச் சேர்ந்த யாரோ, அண்ணனின் யோக்கியதையைத் தோண்டிப் பார்க்க, அவர் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துத் தேடியிருக்கிறார்கள். எங்கள் அப்பா பெயர் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. முதலாவதாக வந்தது 'நான்' எழுதிய கட்டுரை. அதைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பெத்தவளுக்குக் கொள்ளி வைக்காதவர் தலைவரா என்று கேட்டிருக்கிறார்கள்.

"இல்லண்ணே! அம்மா மேல சத்தியமா நான் எழுதல!"

"உன் பேரு போட்டிருக்கே. அப்பா பேரோட போட்டிருக்கு."

"எவனோ என் பேர திருடிட்டான்ணே."

எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஆடவேயில்லை. அண்ணன் இவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், இவர் நிற்கும் இடத்தில் உட்கார மாட்டார். அந்த மாப்பிள்ளைதான் எழுதினார் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் இரண்டு வீடும் அன்றோடு அறுந்துபோகும். அண்ணன் என் வாசலை மிதிக்க மாட்டார்.

"திருடிட்டானா? அப்ப சும்மா விடாத. எடுக்கச் சொல்லு. கோயில் கூட்டத்துல நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்" என்றார் அண்ணன். பிறகு குரல் இறங்கியது. "நீ எழுதலன்னா சரி. எனக்கு அது போதும்."

போனை வைத்துவிட்டு அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். வீட்டுக்காரரின் வலைப்பூவில் ஒரு பிரதி. எவனோ அப்படியே வழித்தெடுத்து, நடுநடுவே முடி வளரும் தைலத்துக்கும் உடனடிக் கடனுக்கும் விளம்பரம் செருகிப் போட்ட பிரதி இன்னொன்று. ஊர்க்காரர்கள் பார்த்தது இரண்டாவதை. நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதுதான் வயிற்றெரிச்சல். 'அங்கே அம்மா எரிந்துகொண்டிருந்தாள், இங்கே என் அண்ணன் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.' படித்ததும் எழுந்து வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணன் எங்கங்க சாப்பிட்டுச்சு? ஒரு கரண்டி தொடலன்னுதானே சொன்னேன்!"

"கதைக்கு அப்படித்தான் நிக்குது. உருகுறத பாத்துக்கிட்டிருந்தான்னா அழுத்தம் இல்ல."

"அழுத்தமா? யாரு கழுத்துல?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குளிக்கப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் வலைப்பூவையே அழித்துவிட்டார். எல்லாம் போயாச்சு, இனி பயமில்லை என்று என்னவோ பெரிய காரியம் செய்ததுபோல வந்து நின்றார். அந்தத் தைல விளம்பரப் பக்கம் மட்டும் கல்லுப் பிள்ளையாராட்டம் அசையாமல் இருந்தது.

அதை வைத்திருப்பவன் யாரென்றே தெரியவில்லை. தொடர்புக்கு என்று போட்டிருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது திரும்பி வந்தது. சரி, தேடினால் வராமல் செய்யலாம் என்று தேடுபொறி நிறுவனத்தின் படிவங்களைத் தேடிப் போனேன். அந்தரங்கத் தகவலை நீக்கக் கேட்கும் படிவம் ஒன்று இருந்தது. எழுதிப்போட்டேன். அதில் உங்கள் போன் எண் இல்லை, அடையாளக் கார்டு எண் இல்லை, நீக்க முடியாது என்று பதில். என் பெயரைத் திருடிவிட்டார்கள் என்றேன். அதை அந்தத் தளத்தாரிடம் முறையிடுங்கள் என்றார்கள். மிஞ்சியது ஒரே வழி. காப்புரிமை. என் எழுத்தைத் திருடிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுத்துக்குச் சொந்தக்காரர் கேட்டால் எடுத்துவிடுவார்கள்.

"அதான் நீங்க இருக்கீங்களே, கேளுங்க" என்று வீட்டுக்காரரை உட்கார வைத்தேன். அவர் பெயரில் அனுப்பினோம். பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் ஆசிரியர் என்று வேறொருவர் பெயர் இருக்கிறதே, நீங்கள் அவருக்கு என்ன முறை, அவர் உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறாரா? அதோடு, மூலக் கட்டுரை எங்கே? நீங்கள் கொடுத்த இணைய முகவரியில் ஒன்றுமே இல்லையே?

நானும் அவரும் அதை ஒருவர் மாற்றி ஒருவர் படித்தோம். அந்தக் கட்டுரை உலகத்திலிருந்து மறைய வேண்டுமென்றால், முதலில் அதை மறுபடியும் உலகத்தின் முன்னால் வைக்க வேண்டும். நான் எழுதவில்லை என்று அண்ணனிடம் நிரூபிக்க வேண்டுமென்றால், நான்தான் எழுதினேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அடக் கொடுமையே, இப்படியும் ஒரு முடிச்சா!

அவர் கணினியின் எங்கோ ஒரு மூலையிலிருந்து கட்டுரையைத் தேடி எடுத்தார். புதிதாக வலைப்பூ ஒன்றைத் திறந்து, என் பெயரைப் போட்டு, ஏற்றும் நேரத்தில் நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அந்த 'சாப்பிட்டுக்கொண்டிருந்தான்'ங்கறதையாவது மாத்துங்க. 'பார்த்துக்கொண்டிருந்தான்'னு போடுங்க. ஒரு வார்த்தைதானே?"

"மாத்தக் கூடாதும்மா. ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. வேற மாதிரி இருந்தா அது இதோட காப்பி இல்லன்னு தள்ளிடுவாங்க."

"ஒரு வார்த்தைக்கா?"

"மறுபடி தள்ளிட்டாங்கன்னா? கூட்டம் வந்துரும்லா."

கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. அண்ணன் தினமும் போன் செய்யவில்லை. செய்யாததுதான் எனக்கு உறுத்தியது. நான் எழுதவில்லை என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டு, இருமுடி இறக்கியவர் மாதிரி நிம்மதியாக இருந்தார். சரி, போடுங்கள் என்றேன். என் பெயருக்குக் கீழே, அந்தப் பொய்யான வார்த்தையோடு, கட்டுரை மறுபடி ஏறியது.

படிவத்தை நானே நிரப்பினேன். நாள் முழுக்க ஒப்பந்தங்களைப் படித்துக் கையெழுத்துக்கு அனுப்புகிறவள் நான், ஒரு வரியையும் விடாமல் படித்தேன். இந்தப் புகாரின் பிரதி பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்படலாம் என்று போட்டிருந்ததையும் படித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதை அண்ணன் எங்கே பார்க்கப் போகிறார் என்று தாண்டிப் போனேன். கடைசியில் பிரமாணம் வந்தது. இந்தப் படைப்பின் உரிமையாளர் நானே, நான் சொல்வது பொய்யானால் தண்டனைக்கு உள்ளாவேன். கீழே முழுப்பெயரைத் தட்டினால் அதுவே கையெழுத்து. அம்மா மேல் சத்தியமாக எழுதவில்லை என்றேன். இப்போது சட்டத்தின் மேல் சத்தியமாக எழுதினேன் என்கிறேன். எந்தச் சத்தியம் என்னை முதலில் வந்து பிடிக்கும் என்று நினைத்தபோது விரல் ஓடவில்லை. என் பெயரைத் தட்டி, அப்பா பெயரைத் தட்டி, அனுப்பிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எடுத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு முன்பே பதில் வந்தது. அண்ணன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து எத்தனை விதமாகத் தட்டினாலும் அந்தப் பக்கம் வரவில்லை. உடனே புது வலைப்பூவையும் அழித்தோம். ஓடிப்போய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எடுத்தாச்சுண்ணே! புகார் கொடுத்து எடுத்துட்டேன்!"

"எனக்குத் தெரியும் பாப்பா, நீ விடமாட்டன்னு" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு காலையில், சொல்லாமல் கொள்ளாமல், வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் அவர் குரல் கேட்டதும் என் வீட்டுக்காரர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை எங்க?"

"தூங்குறாருண்ணே."

அண்ணன் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்தார். பால் டீயை ஆற்றித் தே தாரிக் போட்டுக் கொடுத்தேன், குடித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். தேடுபொறியின் பக்கம். பட்டியல் முடிந்து, எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி. ஒரு புகாரின் பேரில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முடிவை நீக்கியிருக்கிறோம், புகாரைப் படிக்க விரும்பினால் இங்கே அழுத்துங்கள். நான் அதைப் பார்த்திருக்கவில்லை. பக்கம் போய்விட்டதா என்று மேலேதான் பார்த்தேனே தவிர, கடைசி வரைக்கும் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

"கூட்டத்துல எழுந்து சொன்னேன்" என்றார் அண்ணன். "என் தங்கச்சி அத எழுதல, எவனோ அவ பேர திருடிட்டான், அவளே புகார் கொடுத்து எடுத்துட்டான்னு மைக்ல சொன்னேன். ஒருத்தன் எழுந்து, எங்க பாப்போம்னு இத அழுத்தினான். இங்கிலீஷ்ல இருந்துச்சு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சு, தமிழ்லயும் சொன்னான்." கைப்பேசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "ஓனர்னு போட்டிருக்கு பாப்பா. அந்தக் கதைக்கு நீதான் ஓனர்னு போட்டிருக்கு."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை.

"சிரிச்சாங்க. நான் மைக்க வச்சிட்டு இறங்கி வந்துட்டேன். தலைவர் பதவியெல்லாம் எனக்கு எதுக்கு? அது போவட்டும். அத நீதானே எழுதின?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மூன்றடி தள்ளி அறைக் கதவு. அதைத் திறந்து அந்த மனுஷன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்லட்டுமே என்று காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"எழுதினது பெரிசு இல்ல பாப்பா. நடந்ததுதானே. ஓடினேன்தானே. ஆனா நான் சாப்பிடல."

"தெரியும்ணே."

"உனக்கு மட்டுந்தான் தெரியும். உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். பின்ன ஏன் சாப்பிட்டான்னு எழுதின?"

அவர் கண் கலங்கியிருந்தது. லாரியில் விரல் நசுங்கியபோதுகூட அழாத மனிதர்.

"எனக்கு எழுதத் தெரியாதுண்ணே" என்றேன். என் எழுத்தைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியலன்னா எழுதக் கூடாதுலா" என்றார் மெதுவாக. சின்ன வயதில் நான் கையைச் சுட்டுக்கொண்டபோது, தெரியவில்லையென்றால் அடுப்பைத் தொடக் கூடாது என்று சொன்ன அதே குரல். மன்னித்துவிட்டார். நான் செய்யாததற்கு என்னை மன்னித்துவிட்டார், அதை நான் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அறைக் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்பிள்ளை இத படிச்சாரா?"

"இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு. அவருகிட்ட சொல்லிடாத. ஊருல எல்லாரும் சிரிச்சாச்சு. அவரு ஒருத்தர் முன்னாலயாவது நான் தலைநிமிந்து நிக்கிறேன்."

"சரிண்ணே" என்றேன்.